உன் கணினியில் திறந்த வீடு

செங்கல்பட்டு
4.8.2025

ஜெரோம்,

உன் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறேன். நேற்று பூஞ்சேரியில் பஸ் ஏறி, திருக்கழுக்குன்றம் வருவதற்குள் அந்த வேலையை முடித்துவிட்டேன். போனில் பேசினால் நீ கத்துவாய், நான் அழுவேன். இரண்டும் எனக்கு வேண்டாம். சொல்ல வேண்டியதை இமெயிலில் எழுது.

ராட்டினக்கிணறு பஸ் ஸ்டாப்புக்கு எதிர் மாடியில் உட்கார்ந்து ஊராருக்கெல்லாம் வீட்டுப் பிளான் போட்டுத்தான் நான் சோறு தின்கிறேன். இத்தனை வருஷத்தில் சுவர் எழும்பிய பிறகு வந்து சண்டை போட்டவர் ஒருத்தர்கூட இல்லை. அந்தப் பெருமையை என் கூடப் பிறந்த தம்பி தட்டிக்கொண்டு போய்விட்டான். "யார கேட்டு இந்த செவுத்த எழுப்புன? வூட்டை ரெண்டா பிரிக்கப் பாக்கிறியா?" எல்லப்பன் மேஸ்திரி நிற்கிறார், சித்தாள்கள் நிற்கிறார்கள், அம்மா செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருக்கிறாள். அத்தனை பேர் முன்னால் கேட்டாய். அது போதாதென்று எல்லப்பனிடம் "இடிச்சிடுங்க" என்று வேறு சொன்னாய்.

யாரைக் கேட்டா? உன்னைக் கேட்டுத்தான். ஜூன் மாதம் பிளானை உனக்கு அனுப்பினேன். நீயே எனக்குச் செய்து கொடுத்த இணையப் பக்கத்திலிருந்து லிங்க்கை எடுத்து அனுப்பினேன். டீ குடித்து முடிப்பதற்குள் உன் பதில் வந்துவிட்டது. "சூப்பர்க்கா. இதையே கட்டு." இன்னும் என் போனில் இருக்கிறது, வேண்டுமானால் படம் பிடித்து அனுப்புகிறேன்.

மனை அம்மா பேரில் இருக்கிறது, லோன் உன் பேரில் இருக்கிறது. என் பேரில் எதுவும் இல்லை என்று எனக்கும் தெரியும். மதுராந்தகத்தில் என்னைக் கட்டிய அந்த ஆளை விட்டுவிட்டுப் பெட்டியோடு வந்தவள் நான். இந்த வாடகை வீட்டில் அம்மாவோடு இருக்கிறேன். அம்மா பூஞ்சேரிக்கு உங்களோடு வந்துவிட்டால் நான் எங்கே இருப்பேன்? அதற்காகத்தான் கிழக்குப் பக்கம் அந்த ஒரு அறையைப் போட்டேன். நீ சரி என்றாய், கட்டினேன்.

இப்போது இரண்டில் ஒன்று சொல். அறை இருக்கட்டும் என்று எல்லப்பனிடம் சொல். இல்லையென்றால், "அக்கா, உனக்கு இந்த வீட்டில் இடமில்லை" என்று எனக்கு எழுத்தில் எழுது.

ஜாக்குலின்


நாவலூர்
5.8.2025

அக்கா,

கத்தியது தப்பு. ஆட்கள் நடுவில் கத்தியது அதைவிடத் தப்பு. மன்னித்துவிடு. ஆனால் விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நீ அனுப்பிய பிளானை நான் பார்த்தேன். லேப்டாப்பைத் திறந்து, உன் லிங்க்கை பிரவுசரில் ஒட்டி, அது டிராயிங் சாப்ட்வேரில் திறந்ததும் பெரிதாக்கிப் பார்த்தேன். செல்வியும் பக்கத்தில் இருந்தாள். கிழக்குப் பக்கம் சிட்-அவுட் இருந்தது. சாயங்காலம் கடல் காற்று வரும், அம்மா சேர் போட்டு உட்காருவாள் என்று பேசிக்கொண்டோம். அதைப் பார்த்துத்தான் சூப்பர் என்று எழுதினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்து பார்த்தால் சிட்-அவுட் இருக்க வேண்டிய இடத்தில், கதவுக்கு மேல் வரும் லிண்டல் மட்டத்துக்கு ஓர் அறை நிற்கிறது. தெருவுக்கு வாசல். சரி, உள்ளே போய்ப் பார்க்கலாம் என்றால் ஹாலிலிருந்து வழியே இல்லை. செல்வி சுவரைத் தடவிக்கொண்டே "கதவு எங்கங்க?" என்று தேடினாள். தனி வாசல் வைத்து, நடுவில் கதவில்லாமல் சுவர் எழுப்பினால் அதற்கு நம்ம ஊரில் என்ன பேர் என்று உனக்குத் தெரியாதா? பாகம். அம்மா உயிரோடு இருக்கும்போதே, வீடு கட்டி முடிவதற்குள்ளேயே பாகம். அண்ணன் தம்பிகள் அடித்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனவர்கள்தான் அப்படி அடைப்பார்கள்.

வண்டியில் திரும்பி வரும்போது செல்வி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணி நம்ம மூஞ்சில முழிக்க வேணாம்னுதான் கதவே வெக்கல." நாவலூர் வரும் வரைக்கும் அழுதாள். என்னால் வண்டி ஓட்ட முடியவில்லை.

நான் சரி சொன்ன பிறகு நீ பிளானை மாற்றியிருக்கிறாய். மாற்றுகிறேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம் இல்லையா? எல்லப்பனை வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டேன். இடிக்கச் சொன்னதை வாபஸ் வாங்கிக்கொண்டேன், அவ்வளவுதான்.

ஆபீஸ் வண்டி சிறுசேரிக்குள் நுழைகிறது. மீதியை அப்புறம் எழுதுகிறேன்.

ஜெரோம்


செங்கல்பட்டு
6.8.2025

ஜெரோம்,

எந்த சிட்-அவுட்?

மார்ச் மாதம் போட்ட முதல் பிளானில் சிட்-அவுட் இருந்தது. அதை அழித்துவிட்டுத்தான் அறையைப் போட்டேன், அதற்குப் பிறகுதான் உனக்கு அனுப்பினேன். உன் கடிதத்தைப் படித்ததும் நீ செய்து கொடுத்த பக்கத்தைத் திறந்து "அம்மா வீடு" என்ற லிங்க்கை அழுத்தினேன். அறைதான் இருக்கிறது. மறுபடி அழுத்தினேன். அறைதான். நம்ம ஆபீஸ் வசுமதியைக் கூப்பிட்டு அவளை அழுத்தச் சொன்னேன். அறைதான் வந்தது. "இன்னாக்கா, ஒரே பிளான எத்தினி வாட்டி தொறப்ப?" என்று அவள் என்னை ஒரு மாதிரி பார்க்கிறாள்.

ஆக, நீ பிளானைத் திறக்கவே இல்லை. எனக்கு வேறு எப்படியும் தோன்றவில்லை. எப்போதோ நான் வாயால் சொன்ன சிட்-அவுட்டை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு, பார்க்காமலே சூப்பர் என்று எழுதிவிட்டாய். அக்காதானே, என்ன போட்டிருக்கப் போகிறாள் என்று நினைத்திருப்பாய். இப்போது பார்த்தேன் பார்த்தேன் என்று செல்வியையும் சாட்சிக்கு இழுக்கிறாய்.

பொய் சொன்னாலும் சொல்லு, அம்மா பேரைச் சொல்லி மட்டும் சொல்லாதே. சேர் போட்டு உட்காருவாள், காற்று வாங்குவாள் என்று எப்படித்தான் உனக்குக் கதை வருகிறதோ.

அம்மா இப்போதெல்லாம் சாப்பிடுவதற்கு முன்னால் ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு ஒரு தடவை கேட்கிறாள். "இன்னாடி, அவன் எதுனா எழுதினானா?" எழுதினான் என்கிறேன். என்ன எழுதினான் என்று சொல்ல வாய் வரவில்லை.

ஜாக்குலின்


சிறுசேரி
7.8.2025

அக்கா, அக்கா,

நான் பொய் சொல்லவில்லை! நீயும் சொல்லவில்லை! கோளாறு எங்கே என்று கண்டுபிடித்துவிட்டேன். படி.

உன் கடிதம் வந்ததும் எனக்கும் கோபம் தலைக்கேறியது. செல்வி முன்னால் லேப்டாப்பைத் திறந்து அதே லிங்க்கை அழுத்தினேன். சிட்-அவுட்தான் வந்தது. "பாத்தியா, நான் சொன்னன்ல" என்றேன். அவள்தான் திரையில் ஒரு மூலையைக் காட்டி, "இதுல மார்ச் மாசம் தேதி போட்டுகீதே" என்றாள். உன் பிளான் எல்லாவற்றிலும் மூலையில் நீ போடுகிற அந்தக் கட்டம். ஜூனில் அனுப்பிய பிளானில் மார்ச் தேதி எப்படி வரும்?

இதைக் கொஞ்சம் பொறுமையாகக் கேள். இணையத்தில் இருக்கிற ஒரு பக்கம் நம் கணினிக்குள் இருக்கிற பைலைத் தொடக்கூடாது, பிரவுசர் அதை விடாது. விட்டால் கண்டவனும் உள்ளே வந்துவிடுவான். அதனால்தான் உனக்காக நான் ஒரு குறுக்கு வழி செய்தேன். உன் கணினியில் ஒரு சின்ன புரோகிராமை உட்கார வைத்தேன். லிங்க்கை அழுத்தினால் பிரவுசர் அந்தப் புரோகிராமைத் தட்டி எழுப்பும். அது லிங்க்கில் எழுதியிருக்கிற இடத்தைப் படித்து, அங்கே இருக்கிற பைலை டிராயிங் சாப்ட்வேரில் திறக்கும். போல்டர் போல்டராக நீ தேட வேண்டாம் என்றுதான் செய்தேன்.

அந்த லிங்க்கில் பிளான் இல்லை அக்கா. வழி மட்டும்தான் இருக்கிறது. "D டிரைவ், வீடு போல்டர், அம்மா வீடு" என்கிற வழி. யாருடைய D டிரைவ் என்று அதில் இல்லை! "உள்ளே போ, பீரோவில் இரண்டாவது தட்டில் இருக்கிறது" என்று யாரோ சொன்னால், நாம் நம்ம வீட்டுப் பீரோவைத்தானே திறப்போம்?

மார்ச்சில் உன் ஆபீசுக்கு வந்தபோது, வீட்டில் சோதித்துப் பார்க்க உன் போல்டர் மொத்தத்தையும் அதே பேரில், அதே இடத்தில் என் லேப்டாப்பில் போட்டுக்கொண்டு போனேன். அதே புரோகிராமையும் போட்டேன். நீ பைல் பேரை மாற்றாமல் அதிலேயே புதுப் பிளானைப் போட்டு சேவ் பண்ணியிருக்கிறாய். உன் கணினியில் திறந்தால் உன் பைல், என் கணினியில் திறந்தால் என் பழைய பைல். இரண்டு பேரும் ஒரே லிங்க்கை அழுத்தி வேறு வேறு வீட்டைப் பார்த்திருக்கிறோம்! வேறு யாருக்கு நீ அனுப்பியிருந்தாலும் ஒன்றும் திறந்திருக்காது, விஷயம் அன்றைக்கே தெரிந்திருக்கும். என்னிடம் மட்டும்தான் இப்படித் திறக்கும். தப்பு என்னுடையதுதான், நூறு தடவை ஒத்துக்கொள்கிறேன்.

அப்பாடா என்று இருக்கிறது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. லிங்க் வேண்டாம், புதுப் பைலையே இமெயிலில் வைத்து அனுப்பு. பார்த்துவிட்டுப் பேசலாம். என் நம்பரையும் திறந்துவிடு, ஆபீசில் எல்லோரும் உனக்கு என்ன ஆயிற்று என்று என்னைக் கேட்கிறார்கள், என் மூஞ்சி அப்படி இருக்கிறதாம்.

ஜெரோம்


செங்கல்பட்டு
9.8.2025

ஜெரோம்,

புரிந்தது. நீ பொய் சொல்லவில்லை. பொய்யன் என்று எழுதியதற்கு என்னை மன்னித்துவிடு. வாடிக்கையாளர்கள் இரண்டு மூன்று பேர், இப்படி அனுப்பிய லிங்க் திறக்கவில்லை என்று முன்பே சொல்லியிருக்கிறார்கள். உனக்கு மட்டும் திறந்ததும், செய்தவனே நீ ஆயிற்றே, அதனால் திறக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

உனக்கு அப்பாடா என்று இருக்கிறது. எனக்கு என்ன ஆயிற்று தெரியுமா? அன்றைக்கு "சூப்பர்க்கா" என்று வந்ததும் நான் சேரை விட்டு எழுந்து ஜன்னல் பக்கம் போய்விட்டேன், வசுமதிக்கு என் முகம் தெரியக் கூடாது என்று. கீழே போய் அவளுக்கும் எனக்கும் பிரியாணி வாங்கி வந்தேன். "இன்னாக்கா விசேஷம்?" என்றாள். ஒன்றுமில்லை, பசிக்கிறது என்றேன். என் தம்பி என்னை வா என்று கூப்பிட்டிருக்கிறான், நான் வாய் திறந்து கேட்காமலே கூப்பிட்டிருக்கிறான் என்று இரண்டு மாதம் தலை நிமிர்ந்து நடந்தேன். இப்போது நீ துள்ளிக் குதித்துக்கொண்டு, "அது உனக்குச் சொன்னதில்லை, சிட்-அவுட்டுக்குச் சொன்னது" என்று எழுதுகிறாய்.

இன்னொன்றும் இருக்கிறது. நீ சூப்பர் என்ற அந்த மார்ச் பிளானை மறுபடி திறந்து பார். உனக்கும் செல்விக்கும் அறை இருக்கிறது. உங்கள் பாப்பாவுக்கு இருக்கிறது. அம்மாவுக்கு இருக்கிறது. அதைப் போட்டவள் நான்தான். என்னை வைக்காமல் போட்டேன். யாராவது ஒருத்தர், "அக்கா, உன் ரூம் எங்க?" என்று கேட்பீர்கள் என்று மார்ச்சிலிருந்து காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. அம்மாவும் கேட்கவில்லை. சரி, வாய்தானே வரவில்லை, கை வருமே என்று நானே கோடு போட்டு உனக்கு அனுப்பினேன்.

ஹால் பக்கம் கதவு வைக்காததற்குக் காரணம் பாகமும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. காலையில் நீங்கள் அவசரமாகக் கிளம்பும்போது நான் குறுக்கே வரக்கூடாது. செல்வியின் சொந்தக்காரர்கள் வந்தால் "இவங்க ஏன் இங்க இருக்காங்க" என்ற பேச்சு வரக்கூடாது. தெருப் பக்கமாகப் போய் வந்தால் யாருக்கும் தொந்தரவு இல்லை. அப்படி ஒதுங்கி ஒதுங்கி யோசித்ததற்குத்தான் செல்விக்கு அழுகை வந்திருக்கிறது. அவளிடம் சொல்லு.

பைலை அனுப்ப மாட்டேன். நீ அதைத் திறந்து, பெரிதாக்கி, அறை நன்றாக இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதெல்லாம் வேண்டாம். வாயால் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். நான் அந்த வீட்டில் இருக்கலாமா?

யோசித்துப் பதில் எழுது. பாவம் பார்த்து எழுதாதே.

ஜாக்குலின்


செங்கல்பட்டு
13.8.2025

பதில் இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை இன்பாக்ஸைத் திறக்கிறேன் என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. எழுதாமல் இருப்பதும் ஒரு பதில்தான், தெரிந்துகொள்கிறேன்.

எல்லப்பன் வந்திருந்தார். "சென்ட்ரிங் சாமான்லாம் சும்மா கெடக்குது, திங்கக்கெழமை நான் அச்சரப்பாக்கம் வேலைக்குப் போயிடுவேன் மேடம். தளம் போடறதா, இடிக்கிறதா? அக்கா தம்பி ரெண்டு பேர்ல ஒருத்தர் சொல்லுங்க" என்றார். தம்பி சொல்வான் என்று அனுப்பிவிட்டேன். இடிப்பதாக இருந்தால் நான் இல்லாத நாளில் செய்யச் சொல்.

ஜாக்குலின்


நாவலூர்
15.8.2025

அக்கா,

ஆறு நாளாக எழுதி எழுதி அழித்தேன். முதல் நாளே "இரு" என்று எழுதியிருக்கலாம். பாவம் பார்த்து எழுதாதே என்று சொல்லிவிட்டாய், அதனால் முடியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஜூனில் உன் பைல் சரியாகத் திறந்திருந்தால் நான் சூப்பர் என்று எழுதியிருக்க மாட்டேன். "பார்க்கலாம்கா" என்று இழுத்திருப்பேன். நீ வந்தால் திரும்பிப் போக மாட்டாய் என்ற பயம். செல்வி வீட்டில் என்ன சொல்வார்களோ என்ற பயம். இவ்வளவு சின்னத்தனமாக யோசித்திருப்பேன் என்று ஒத்துக்கொள்ள எனக்கே பிடிக்கவில்லை. மார்ச் பிளானைத் திறந்து பார்த்தேன். உன் அறை எங்கே என்று எனக்குத் தோன்றவே இல்லை அக்கா. லிங்க் செய்த தப்பைச் சரிசெய்துவிடலாம், இதை எப்படிச் சரிசெய்வது என்று தெரியாமல்தான் எழுதாமல் இருந்தேன்.

இன்றைக்கு லீவு. கோயில் பூசை முடிந்ததும் செல்வியும் நானும் பூஞ்சேரிக்குப் போனோம். மழை பிடித்துக்கொண்டது. நான் உன் அறைக்குள் போய் நின்றேன். ஜன்னலுக்கு விட்ட இடத்திலிருந்து தெரு தெரிகிறது, காற்று நன்றாக வருகிறது. செல்வி ஹால் பக்கம் பிளாஸ்க்கோடு நின்றுகொண்டு, "டீ வேணுமா?" என்று சத்தம் போட்டாள். வேணும் என்றேன். சுவர் நடுவில் இருக்கிறது. ஒரு கையில் குடை, ஒரு கையில் டம்ளர், வாசலில் இறங்கி, சேற்றில் கால் வைத்து, தெருவைச் சுற்றிக்கொண்டு வந்தாள். டம்ளரில் பாதி மழைத் தண்ணீர்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவள் சிரிக்கவில்லை. "இன்னாங்க இது? நாளைக்கு அண்ணிக்கு ஒரு டீ குடுக்கணும்னாகூட கொடை புடிச்சிகினு தெருவ சுத்திகினு வரணுமா? அவங்களுக்கு ஒடம்பு சரியில்லன்னா யாருக்குத் தெரியும்? அவங்களுக்குத்தான் அறிவு இல்ல, உங்களுக்கும் இல்லியா?" என்றாள். அதே ஈரத்தோடு எல்லப்பனுக்கு அவளே போன் போட்டு வரச்சொன்னாள்.

இரு அக்கா. செல்வி சொன்னதற்காக இல்லை, நானும் சொல்கிறேன். வந்து இரு. தெரு வாசலும் உனக்கு இருக்கட்டும், நீ எப்போது வேண்டுமானாலும் வா, போ. ஆனால் ஹாலுக்கு ஒரு கதவு கட்டாயம் வேண்டும். அது இல்லாமல் தளம் போட விடமாட்டேன்.

எல்லப்பன் வந்து இரண்டு கேள்வி கேட்டார். எந்த இடத்தில் உடைப்பது? "தாப்பா எந்தப் பக்கம் வெக்கிறது சார்? ஹால் பக்கமா, ரூம் பக்கமா?" முதல் கேள்விக்கு அக்காதான் அளவு சொல்ல வேண்டும் என்றேன். இரண்டாவதையும் உன்னிடமே கேட்கச் சொன்னாள் செல்வி.

ஜெரோம்


செங்கல்பட்டு
16.8.2025

ஜெரோம்,

படித்தேன். அம்மாவுக்கும் படித்துக் காட்டினேன், நீ சின்னத்தனம் என்று எழுதிய இடத்தை மட்டும் விட்டுவிட்டு. அவள் மூக்கைச் சிந்திக்கொண்டு, "டீயில மழ பெஞ்சா இன்னா, குடிச்சானா இல்லியா?" என்று கேட்கிறாள்.

நீ இழுத்திருப்பாய் என்று சொன்னது எனக்கு வலித்தது. ஆனால் ஜூனில் வந்த சூப்பரைவிட இந்தக் கடிதத்தை நம்ப முடிகிறது. உன் நம்பரைத் திறந்துவிட்டேன். இன்றைக்குக் கூப்பிடாதே, பேசினால் அழுதுவிடுவேன், ஆபீசில் ஆள் இருக்கிறார்கள்.

பைலை இதோடு வைத்து அனுப்பியிருக்கிறேன். லிங்க் இல்லை, பைலே. பேரையும் மாற்றிவிட்டேன், மூலையில் இன்றைய தேதி இருக்கிறது, திறந்ததும் முதலில் அதைப் பார். ஹால் சுவரில் சமையலறைக்கு எதிரே கதவு போட்டிருக்கிறேன். அகலம் மூன்றடி. எல்லப்பன் இரண்டரை போதும் என்பார், விடாதே. லிண்டலைப் பாதியில் வெட்டாமல் புதிதாக வார்க்கச் சொல். செவ்வாய்க்கிழமை நானே வந்து நிற்கிறேன், அதுவரைக்கும் அச்சரப்பாக்கம் போகாமல் அவரைப் பிடித்து வை.

தாழ்ப்பாளைக் கேட்டாய். மதுராந்தகத்தில் நான் இருந்த அறைக்கு வெளிப் பக்கம்தான் தாழ்ப்பாள் இருந்தது. அவன் கோபம் வந்தால் போட்டுவிட்டுப் போவான், அவன் அம்மா வந்து திறக்கிறவரைக்கும் நான் உள்ளேயே இருப்பேன். இதை நான் உங்கள் யாரிடமும் சொன்னதில்லை.

என் பக்கம் வை. பகலில் போட மாட்டேன் என்று செல்வியிடம் சொல்லு.

அக்கா